உள்பக்கத் தாழ்ப்பாள்

சிவகாசியிலிருந்து தெற்கே போகிற சாலையில் ஓர் அரசு பஸ் டிப்போ இருக்கிறது. எந்த டிப்போ என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்குள்ளவர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இருபத்திரண்டு பஸ்கள். டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், வாட்ச்மேன் என்று எல்லோரையும் சேர்த்தால் நூற்று நாற்பத்து மூன்று பேர். அதில் நூற்று நாற்பத்திரண்டு பேர் ஆண்கள். மிச்சமிருக்கும் ஒருத்தி மெகருன்னிசா.

அவளுடைய கணவன் இக்பால் அதே டிப்போவில் பத்தொன்பது வருஷம் கண்டக்டர். ஏழாயிரம்பண்ணைக்குப் போன பஸ்ஸில் ஒரு பங்குனி மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவில்லை. வாரிசு வேலைக்காக மூன்று வருஷம் நடையாய் நடந்து, நாற்பது வயதில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தாள் மெகருன்னிசா. அதற்குள் மகள் பெனாசிருக்குக் கல்யாணமாகி மேலப்பாளையம் போய்விட்டாள். வீட்டில் தனி, வேலையிலும் தனி என்று ஆகிப்போனது.

அவள் சேர்ந்த அன்று டிப்போவே வந்து நின்றது. "எதுன்னாலும் ஒரு வார்த்தை சொல்லுங்க மதினி, நாங்க இருக்கோம்" என்றார்கள். பொய்யாகச் சொல்லவில்லை. இக்பால் அண்ணன் சம்சாரம் என்கிற மரியாதை அவர்களுக்கு நிஜமாகவே இருந்தது. அந்த மரியாதைதான் அவளுக்கு எமனாகவும் வந்தது. அவளைக் கண்டால் சிரிப்பை நிறுத்துவார்கள், தரையைப் பார்ப்பார்கள், லீவு லெட்டரை நீட்டிவிட்டு இரண்டு வாக்கியத்தில் பேச்சை முடித்துக்கொண்டு போவார்கள். அவளுடைய மேசைக்கும் ஆட்களின் ஓய்வறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் நாள் முழுக்கக் கும்மாளம் கேட்கும். இந்தப் பக்கம் அவளும் மூன்று இரும்பு பீரோக்களும். மதியச் சோற்றை அந்த பீரோக்களைப் பார்த்தபடிதான் நாலு வருஷமாகத் தின்றாள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். டிப்போவில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆண்களுக்கு உள்ளது பஸ் கழுவுகிற மேடைக்குப் பக்கத்தில், கதவு என்ற பெயரில் ஒரு தகரத்தோடு நிற்கிறது. டிப்போவுக்குப் பின்தெருவில் செல்வலட்சுமி என்று ஒரு பெண், பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், "எப்ப வேணாலும் நம்ம வீட்டுக்கு வாங்கக்கா" என்று சொல்லியிருந்தாள். ஆனால் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்து தெருவையே அள்ளிக்கொண்டு போய்விடும். சாயங்காலம் ஆறு மணி வரை அங்கே எல்லா வீட்டிலும் பூட்டுத்தான் தொங்கும். ஆகவே மெகருன்னிசா தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காலையில் வீட்டில் ஒரு டம்ளர், அப்புறம் வீடு திரும்பித்தான். மழை பெய்தால் மட்டும் கம்பெனிகள் லீவு விடும், செல்வலட்சுமி வீடு திறந்திருக்கும். கூலி போச்சே என்று தெருவே வானத்தைத் திட்டுகிற நாளில் இவள் ஒருத்திக்கு மட்டும் மேகத்தைக் கண்டால் நிம்மதி. அதற்காகத் தன்னையே கடிந்துகொள்ளவும் செய்வாள்.

ஒரு தடவை துணிந்து கிளை மேலாளர் சீனிவாசகத்திடம் போய்க் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "ஒரே ஒருத்தருக்காகத் தனியா கட்டணும்னு நான் எழுதிப் போட்டா மேல சிரிப்பாகம்மா" என்றார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் கருத்துக் கணிப்பு வந்தது. சம்பளப் பேச்சுவார்த்தையில் சங்கங்களே கேட்டு வாங்கிய விஷயம் அது. ஒவ்வொரு டிப்போவிலும் ஊழியர்கள் பணியிடத்தைப் பற்றிப் பெயர் போடாமல் படிவம் எழுத வேண்டும். நூற்றுக்கு எழுபது பேராவது எழுதினால்தான் அந்த டிப்போவின் அறிக்கையை ஏற்பார்கள். கடைசிக் கேள்வி, 'உங்கள் டிப்போவுக்கு உடனடியாகத் தேவைப்படுவது எது? ஒன்றை மட்டும் எழுதவும்.' எந்தத் தேவை முதலில் வருகிறதோ அதை அந்த வருஷமே செய்து கொடுப்பதாக ஒப்பந்தம்.

சங்கத்தின் கிளைச் செயலாளர் பாண்டிராஜ், கண்டக்டர். டிக்கெட் கிழித்ததைவிட மைக் பிடித்தது அதிகம். படிவக் கட்டைக் கொண்டுவந்து மெகருன்னிசாவின் மேசையில் வைத்தார்.

"மதினி, ஒங்க பொறுப்பு. நூத்தியோரு பேர் எழுதணும். குறைஞ்சா நம்ம டிப்போவுக்கு ஒண்ணும் கிடையாது."

"எல்லாரையும் எழுதச் சொல்லி நான் எப்படி..."

"நீங்க சொன்னா தட்ட மாட்டாக."

தட்டவில்லைதான். எழுதவும் இல்லை. மதியம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் டிப்போ வாசல் கேட்டுக்கு அருகே போய் நின்று, ஒவ்வொருவர் கையிலும் படிவத்தைக் கொடுத்தாள். "பாத்துக்கிடலாம் மதினி" என்று நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். முன்பு ஒருத்தர் ஏதோ புகாரை எழுதிப்போட்டு ராமேஸ்வரம் பக்கம் தூக்கியடிக்கப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். "பேரு போட வேண்டாம்னு சொல்லுவாக. கையெழுத்த வச்சே கண்டுபிடிச்சிருவாக" என்றார்கள். அரசாங்க ஊழியனைக் கோஷம் போடச் சொன்னால் தொண்டை கிழியப் போடுவான், தன் மனசில் உள்ளதைத் தனியாக எழுது என்றால் பேனாவில் மை இருக்காது. ஒரு வாரத்தில் வந்தது பத்துப் படிவம்.

மூத்த டிரைவர் மாரிசாமிதான் வழி சொன்னார். மீசையை இரண்டு பக்கமும் ஏற்றி விட்டிருப்பார், பேச்சு மட்டும் மெதுவாக வரும்.

"நாலு பக்கம் இருக்கு மதினி. எந்தக் கட்டத்துல என்ன போடணும்னு யாருக்குத் தெரியுது? மாதிரி ஒண்ணு எழுதி ஒட்டச் சொல்லுங்க. அதப் பாத்து எல்லாரும் எழுதிருவோம்."

அது அந்த டிப்போவின் பழக்கம். லீவு லெட்டரானாலும் மெமோவுக்கு விளக்கமானாலும், சங்க ரூமில் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் உள்ள மாதிரியைப் பார்த்துத்தான் ஊரே எழுதும். ஒரு தடவை கல்யாணமே ஆகாத கருப்பணன் என்கிற மெக்கானிக், 'என் மாமனார் திடீரென்று காலமாகிவிட்டபடியால்' என்று எழுதிக் கொடுத்து மூன்று நாள் லீவும் வாங்கியிருக்கிறான்.

மறுநாள் விடியற்காலையிலேயே தூறல் போட்டது, கம்பெனி வேன் வரவில்லை; அப்புறமும் வானம் மூட்டமாகவே இருந்தது. மெகருன்னிசா இரண்டு படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டாள். ஒன்று ஒட்டுவதற்கு மாதிரி, இன்னொன்று அவளுடைய சொந்தப் படிவம். சொந்தத்தை முதலில் எழுதலாம் என்று ஆரம்பித்தாள். பாலினம், பெண். வயது, நாற்பத்து நாலு. அதுவரை சாதாரணமாகத்தான் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் படிவம் அவளோடு பேச ஆரம்பித்துவிட்டது. 'மதிய உணவை யாருடன் உண்கிறீர்கள்?' தனியாக. 'பணியிடத்தில் உங்களிடம் யாராவது நலம் விசாரிப்பதுண்டா?' இல்லை. 'மனம்விட்டுப் பேச ஒருவராவது இருக்கிறாரா?' இல்லை. 'உங்கள் உடல்நலத்தைப் பாதிக்கும் நிலைமை ஏதேனும்?' இதற்கு நாலு கோடு விட்டிருந்தார்கள், அவள் ஆறு வரி எழுதினாள். காலை பத்து மணியிலிருந்து ஆறு மணிவரை தண்ணீர் குடிப்பதில்லை, இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டிருக்கிறது, யாரிடமும் சொல்ல முடியவில்லை. கடைசிக் கேள்விக்கு, 'பெண்களுக்குக் கழிப்பறை.' நாலு வருஷத்தில் அவளிடம் இத்தனை கேள்விகளை ஒரு மனிதரும் கேட்டதில்லை. எழுதி முடித்தபோது கண் கலங்கியிருந்தது, ஒரு காகிதம் கேட்டதற்கா அழுகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. பின்தெருவில் கதவுகள் திறந்திருக்கும். படிவத்தின் மேல் பேப்பர்வெயிட்டை வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு செல்வலட்சுமி வீட்டுக்கு ஓடினாள். அங்கே செல்வலட்சுமி ஒரு டம்ளர் காப்பியைக் கையில் திணித்தாள். வர அரைமணி நேரம் ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது மேசையில் படிவம் இல்லை. பாண்டிராஜ் வந்து, மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துப் போய், ஜெராக்ஸ் போட்டுச் சங்கப் பலகையில் ஒட்டி, போட்டோ பிடித்து வாட்ஸப் குரூப்பிலும் போட்டிருந்தார். அதற்குக் கீழே 'தோழர்கள் அனைவரும் ஒற்றுமையாக இதேபோல் எழுதவும்' என்று ஒரு வரி. அவர் அதை வாசித்திருந்தால் ஒட்டியிருக்க மாட்டார். தலைவர்கள் சுற்றறிக்கையை வாசிக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது?

மெகருன்னிசா பலகைக்கு முன்னால் போய் நின்றாள். அவளுடைய கையெழுத்து, அவளுடைய ஆறு வரி, ஊரறிய. கிழிக்கலாம் என்று கையை உயர்த்தினாள். அதற்குள் பக்கத்தில் டயர் மேல் உட்கார்ந்து நாலு பேர் எழுத ஆரம்பித்திருந்தார்கள். ஒருவன் உதடு அசைய, கடைசிக் கேள்வியில் 'பெண்களுக்குக் கழிப்பறை' என்று எழுதுவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். உயர்த்தின கையை இறக்கிக்கொண்டாள். இப்படி நூறு பேர் எழுதினால் அதுதான் முதல் தேவை. சீனிவாசகம் சார் சொன்ன ஒரே ஒருத்தி நூறு பேராகிவிடுவாள். தப்பு என்று தெரிந்தும் அவள் அந்தத் தாளைப் பலகையிலேயே விட்டுவிட்டாள், இதை நான் மறைக்கப் போவதில்லை.

மூன்று நாளில் நூற்றெட்டு படிவங்கள் வந்து குவிந்தன, முந்தைய பத்தோடு நூற்றுப் பதினெட்டு. அந்த மூன்று நாளும் அவள் ஒன்றுக்காகக் காத்திருந்தாள். இத்தனை பேர் தங்கள் கையாலேயே எழுதுகிறார்களே, 'யாரும் நலம் விசாரிப்பதில்லை' என்று எழுதுகிறபோது யாருக்காவது பேனா ஒரு நொடி நிற்காதா, இது யார் எழுதியது என்று ஒருவராவது வந்து கேட்க மாட்டார்களா என்று. ஒருவரும் கேட்கவில்லை. கட்டம் நிரம்பியதா என்று மட்டும் பார்த்தார்கள். பெட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

அடுத்த வாரம் மண்டல அலுவலகத்திலிருந்து சீனிவாசகத்துக்குப் போன் வந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டது அவருடைய கெட்ட காலம்.

"ஒங்க டிப்போவுல எண்பத்தஞ்சு பொம்பளையாளுக வேலை பாக்காகளா சார்?"

"ஒருத்தர்தான் இருக்காங்க சார்."

"எண்பத்தஞ்சு பேர் பெண்ணுன்னு டிக் பண்ணிருக்காக. எல்லாத்துலயும் வயசு நாப்பத்து நாலு. நூத்தியெட்டு பேருக்கும் நீர்க்கடுப்பு. என்ன சார் விளையாட்டு இது? மொத்தத்தையும் செல்லாதுன்னு போட்டாச்சு. மூணு நாள் டைம். மாதிரி கீதின்னு ஒட்டினா மெமோதான்."

விஷயம் ஓய்வறைக்குப் போய்ச் சேர ஐந்து நிமிஷம் ஆகவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மெகருன்னிசா எல்லாவற்றையும் கேட்டாள். மாரிசாமி பெண் என்று டிக் அடித்திருக்கிறார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "மீசைய என்னண்ணே பண்ணப் போறீக" என்றான் கருப்பணன். பாண்டிராஜ் பலகையிலிருந்த தாளைப் பிய்த்துக் கொண்டுவந்து, மேடையில் வாசிக்கிற குரலில் வாசிக்க ஆரம்பித்தார்.

"ஏலே கேளுங்கலே. மதிய உணவு யாருடன்? தனியாக. நலம் விசாரிப்பதுண்டா? இல்லை. உடல்நலம்... காலை பத்து மணியிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை..."

அங்கே குரல் தடுமாறிற்று. மிச்சத்தை அவர் சத்தமாக வாசிக்கவில்லை. சிரிப்பு நின்றது. இப்போது யாராவது எழுந்து வருவார்கள் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பெஞ்சு நகர்ந்தது. செருப்புச் சத்தம் வெளியே போனது. ஒவ்வொருவராக எல்லோரும் வெளியே போய்விட்டார்கள்.

மறுநாளிலிருந்து முன்பு தரையைப் பார்த்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. குற்றம் செய்த ஆம்பிளைக்கு மன்னிப்புக் கேட்பதைவிட ஒதுங்கிப் போவது சுலபம். அது புரிந்தும் அவளுக்கு வலித்தது.

ஆனாலும் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவள் மறுபடியும் கேட்டுக்குப் போனாள். இந்தத் தடவை கூச்சத்துக்கு நேரமில்லை. ஒர்க்‌ஷாப் பள்ளத்துக்குள் நின்றவனிடம் குனிந்து கொடுத்தாள். பஸ் கிளம்பும் முன்னால் ஜன்னல் வழியாக நீட்டினாள். "எத யாரு எழுதுனாகன்னு நான் பாக்க மாட்டேன். பெட்டில சீல் வச்சிருக்கு. எழுதுங்க, அது போதும்" என்று நூறு பேரிடம் நூறு தடவை சொன்னாள். நாலு வருஷத்தில் அவள் பேசியதெல்லாம் சேர்த்தால்கூட அந்த மூன்று நாள் பேச்சுக்கு ஈடாகாது.

மூன்றாம் நாள் மாலை மாரிசாமி வந்தார். படிவத்தை மேசை மேல் வைத்துப் பேனாவைத் திறந்தார், எழுதவில்லை.

"கடைசிக் கேள்விக்கு என்ன எழுதணும் மதினி? நீங்க சொல்றத எழுதுறேன்."

பின்னால் எட்டுப் பத்துப் பேர் காத்து நின்றார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அத்தனை பேரும் எழுதுவார்கள், வெளியே போய் மற்றவர்களிடமும் சொல்வார்கள். அவர்களுக்கும் இந்த மனபாரம் இறங்கிவிடும்.

"ஒங்களுக்கு என்ன வேணுமோ அத எழுதுங்கண்ணே" என்றாள்.

மாரிசாமி தலையாட்டினார். கையால் மறைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி எழுதிப் பெட்டியில் போட்டார்.

நூற்றாறு படிவங்கள். சீனிவாசகம் முன்னிலையில் சீலை உடைத்து அவள்தான் எண்ணினாள். பிரேக்குக்கும் டயருக்கும் உதிரிபாகம் வேண்டும் என்று நாற்பத்தொன்று. டபுள் டியூட்டி போடாதே, கேட்ட லீவைக் கொடு என்று முப்பத்து மூன்று. ஓய்வறையில் மூட்டைப்பூச்சி, ஃபேன் சுற்றவில்லை என்று இருபத்தேழு. வேறு ஏதேதோ மூன்று. அவர்களைக் குறைசொல்ல முடியாது. பிரேக் பிடிக்காத பஸ்ஸை ஓட்டுகிறவனுக்குப் பிரேக்தான் முதலில் தோன்றும். பெண்களுக்குக் கழிப்பறை என்று இருந்தது இரண்டே இரண்டு. அதில் ஒன்று அவளுடையது.

இன்னொன்றைக் கையில் எடுத்தாள். அழுத்தி எழுதிய எழுத்து, தாளின் பின்பக்கம் வரை பதிந்திருந்தது. 'பொம்பளைக்கு ஒரு கக்கூஸ் கட்டணும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கண்டிப்பா வைக்கணும்.'

அவளுடைய ஆறு வரியில் தாழ்ப்பாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைப் பார்த்துக் காப்பியடித்தது இல்லை இது. நூற்றைந்து பேரில் ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து, தகரக் கதவை நினைத்து, உள்ளே ஒரு பெண் பயமில்லாமல் இருக்க வேண்டுமே என்று யோசித்து, அதைத் தானாகவே எழுதியிருக்கிறான். மெகருன்னிசா அந்தத் தாளை நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுதானா?" என்றார் சீனிவாசகம்.

"ரெண்டு சார்" என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.

அந்த வருஷம் டிப்போவுக்கு உதிரிபாகங்கள் வந்தன. பாண்டிராஜ் சங்க வெற்றி என்று பலகையில் எழுதி வைத்தார். செல்வலட்சுமியின் தெருவில் பகலெல்லாம் பூட்டுத் தொங்குவது அப்படியேதான் இருக்கிறது.

அந்த எழுத்து யாருடையது என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். லீவு லெட்டர்கள் எல்லாம் அவளுடைய பீரோவில்தான் இருக்கின்றன. அவள் பீரோவைத் திறக்கவில்லை. எதை யார் எழுதினார்கள் என்று பார்க்க மாட்டேன் என்று நூறு தடவை சொல்லியிருந்தாள். யாரென்று தெரியாத அந்த ஒருவனுக்கு நன்றி சொல்ல அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வழிதான். இப்போதெல்லாம் லீவு லெட்டர் கொடுக்க யார் வந்தாலும், தாளை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டீகளா?" என்று கேட்கிறாள். டிரைவரா, மெக்கானிக்கா, வாட்ச்மேனா என்று பார்ப்பதில்லை. நூற்று நாற்பத்திரண்டு பேரிடமும் கேட்கிறாள்.

"ஆச்சு மதினி" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விடுகிறார்கள். திருப்பி அவளைக் கேட்கிறவன்தான் அவனாக இருப்பான் என்று மனசுக்குள் ஓர் எண்ணம் வைத்திருக்கிறாள். இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.